மூன்றாவது இசைத்தட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போனதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விஷயம் இசைத்தட்டு பற்றியது.

உன் துணி அலமாரியில் நான் அடுக்கிவைத்த பழைய அரக்குத் தட்டுகள் ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு சிம்பொனி. நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவு. அதில் மூன்றாவதை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாய். எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று உனக்கா தெரியாது! வயலின்கள் எல்லாம் சேர்ந்து அழப்போகிற நேரத்தில் இசை நின்றுவிடுகிறது. நான்காவதைப் போட்டால் டிரம்பெட்டுகள் எடுத்த எடுப்பிலேயே கத்துகின்றன. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "என்ன சார், வீட்ல சண்டையா?" என்றார்.

"சண்டை போட ஆள் வேணுமே சார்" என்றேன்.

தட்டைத் தபாலில் அனுப்பாதே, நொறுங்கிவிடும். யாரிடமும் கொடுத்தும் அனுப்பாதே. நீயே மடியில் வைத்துக் கொண்டுவருவதுதான் அதற்கு நல்லது. உன் அலமாரியிலிருந்து தட்டுகளை எல்லாம் எடுத்துக் காலி செய்துவிட்டேன், இனி அது உன் துணிகளுக்குத்தான்.

நேற்று பழைய இசைத்தட்டுக் கடைக்குப் போயிருந்தேன். "உங்க அதிர்ஷ்டம் சார், அதே மூணாவது தட்டு தனியா வந்திருக்கு" என்று கடைக்காரர் நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"நிறைய கீறல் இருக்கு, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்