தம்பியோடு டிரா

அக்ரஹாரம், மைசூர்
22.9.1996

அன்பு மகன் உதயகுமாருக்கு,

இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அதையே நலம் என்று வைத்துக்கொள். மஸ்கட் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். மேல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுவது இன்னும் நிற்கவில்லை, கல்லூரியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர் இப்போது எனக்கே தலைவர், இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது. கல்யாணத்துக்குள் சித்தப்பாவோடு பேசிவிடுங்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்குத் திணறியபோது தாவணகெரேயில் செஸ் போட்டி ஆடிக்கொண்டிருந்தவன் அந்தச் சுரேந்தர். அன்றோடு நின்ற பேச்சு. உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே கல்யாண மண்டபத்தில் ஒரு போட்டி, பொழுது போகட்டும் என்று பெயர் கொடுத்திருந்தேன். முதல் சுற்றில் ரேட்டிங் கூடியவர்களைக் குறைந்தவர்களோடு கோப்பார்கள், ஆனால் என் எதிரே அவன் வந்து உட்காருவான் என்று நினைக்கவில்லை. அவனுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம், எனக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. எழுந்து போனால் தோற்றதாக எழுதுவார்களே என்று உட்கார்ந்தேன். கோபம்தான் ஆடவைத்தது, நன்றாகவே ஆடினேன். மதியத்துக்குள் அவனுடைய குதிரை ஓரத்தில் வகையாக மாட்டிக்கொண்டது, அதை எடுத்தால் ஆட்டம் என்னுடையது. அப்போதுதான் தலை நிமிராமல், "டிரா பண்ணிக்கலாங்களாண்ணா?" என்றான். மறுப்பதற்கு வாயே திறக்க வேண்டாம், அடுத்த காயை நகர்த்தினால் போதும். ஒப்புக்கொண்டால்தான் கை கொடுக்க வேண்டும். குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்க மனம் எழவில்லை. அலுப்பாக இருந்தது உதயா, வேறு பெரிய காரணம் எதுவும் தேடாதே. கையை நீட்டினேன். பக்கத்துப் பலகையில் இருந்த மாரிசாமி தலையில் அடித்துக்கொண்டு, "ஏன் சார், வாய்க்குள்ள வந்த லட்டை யாராச்சும் துப்புவாங்களா?" என்றார். சுரேந்தர் பிடித்த கையை விடாமல், உதயனுக்குக் கல்யாணம் என்றைக்கு என்று கேட்டான். கார்த்திகை பதினான்கு என்றேன்.

வா என்று சொல்லவில்லை. என்னால் அவ்வளவுதான் முடிந்தது. வா என்று அவனுக்கு நீ எழுதிவிடு, அவன் வந்தால் நான் எழுந்து போகமாட்டேன்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது. சாமுண்டி அம்மன் உன்னைக் காக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா
கிருஷ்ணராஜ்