வேலு பேர்ல ஒரு பிராது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் ரெண்டு தரம் போச்சு. பெண்ணாடம் ரோட்டுல கார் மறுபடியும் நின்னுடுச்சு. பின்னாடி ஒரே ஹாரன். டிராக்டர்காரர் இறங்கி வந்து ஓரமா தள்ளிவிட்டார். "ஏம்மா, இத யாரு உங்க தலையில கட்டினது?"

வேலுன்னு எப்படிச் சொல்றது. என் வூட்டுக்காரர் இருந்தப்ப ஞாயித்துக்கிழமை ஆனா வேலுவுக்கு நம்ம வூட்டுலதான் சாப்பாடு. அவர் தவறின பிறகும் விடாம வந்தது அவன் ஒருத்தன்தான். பழைய கார் யாவாரம். "உங்களுக்குன்னா தங்கமா பார்த்துத் தருவேன்க்கா"ன்னான். நம்பி கிரெடிட் கார்டைத் தேய்ச்சேன். யாரையாவது ஏத்திக்கிட்டு ஸ்ரீமுஷ்ணம் போய்வரலாம்னு ஆசை. இதுவரைக்கும் பக்கத்து சீட்டுல என் கைப்பைதான்.

மெக்கானிக் சொன்னது: வெள்ளத்துல முங்கின வண்டி. வித்தவனுக்குத் தெரியாம இருக்காது.

ஜூன் 5, வியாழன்

கார்டுல போன பணத்தைத் திருப்பிக் கேட்டு பேங்குக்கு போன். பாதி நேரம் பாட்டு. அப்புறம் ஒரு பொண்ணு. "கடைக்காரர்கிட்ட முதல்ல கேட்டீங்களா மேடம்?" கேட்டேன், போனையே எடுக்கல.

அனுப்ப வேண்டியது: பில், மெக்கானிக் லெட்டர், வேலுவுக்குப் போட்ட மெசேஜ். ஆபீஸ்லயே ஸ்கேன் பண்ணேன். எங்க பீங்கான் கம்பெனியில ஸ்கேன் மிஷின் கண்ணாடி மேலயும் களிமண் மாவு.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"னு போனை வைக்கறப்ப அந்தப் பொண்ணு கேட்டா. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா தேவலைன்னு இருந்துச்சு. வெக்கங்கெட்ட மனசு.

தோசை மாவு புளிச்சுப்போச்சு. ஒருத்திக்கு அரைச்சா இப்படித்தான்.

ஜூன் 8, ஞாயிறு

வேலு வரல. பழக்கதோஷம், கறி அரைக்கிலோ வாங்கிட்டேன். ஃப்ரிட்ஜுல போட்டுட்டு உக்காந்தேன். உக்காரமுடியல. அப்படி ஒரு கோவம். வாயில ஒண்ணும் போடாம ஆட்டோ பிடிச்சேன், மணவாளநல்லூருக்கு.

கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டேன். போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கிற மாதிரியேதான்: நான் யாரு, யார் மேல, என்ன அநியாயம். வூட்டுலேர்ந்து எவ்ளோ தூரம்னு கேட்டு அதுக்கேத்த கட்டணம். குருக்கள் சாமி காலடியில வெச்சுக் கொடுத்தார். முனியப்பர் சன்னதி வேல்ல அந்தப் பேப்பரைக் கட்டினேன். அவுத்துட்டு மறுபடி கட்டினேன். பேங்குக்கு அவன் பேரை எழுதுனப்ப இப்படித் தயங்கல.

ஜூன் 12, வியாழன்

தூறல். வேலு வந்தான். செருப்பைக் கழட்டல, வாசல்லயே நின்னான்.

"பேங்க்லேர்ந்து மெயில் வந்துச்சுக்கா. அத நான் பாத்துக்குவேன். கொளஞ்சியப்பர்கிட்ட என் பேரை எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"என் பொண்டாட்டி ஏழு மாசம்க்கா. நீங்க கட்டுனதப் பாத்துட்டு அவ சித்தி வந்து சொல்லிட்டாங்க. அன்னைலேர்ந்து சோறு இறங்கல அவளுக்கு."

"தண்ணியில முங்கின வண்டின்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தரையைப் பார்த்தான். "தெரியும்க்கா. உங்களுக்குன்னா... கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டேன்."

நெசந்தான். ஆளில்லதான். ஆனா அவன் வாயால கேக்கணுமா அதை.

பணத்தைக் கார்டுக்கே போட்டுடறானாம். பிராதை வாபஸ் வாங்கிடணுமாம். சரின்னேன். காப்பி போடட்டுமான்னும் கேட்டுத் தொலைச்சேன். "இல்லக்கா, போயிட்டு வரேன்." வரமாட்டான்.

ஜூன் 16, திங்கள்

பணம் கார்டுக்குத் திரும்பிடுச்சு. ஆபீஸ்ல இருக்கும்போது மெசேஜ். ஜெயிச்சுட்டேன். யார்கிட்ட காட்டறதுன்னு தெரியாம போனைக் கவுத்து வெச்சேன். மத்தியானம் வேலுவோட ஆளுங்க வந்து காரைக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க.

சாயங்காலம் பஸ்ஸு பிடிச்சுக் கோயில். பிராதை வாபஸ் வாங்கினேன். கவுண்டர்ல இருந்தவர் கேட்டார், "குறை தீந்துதாம்மா?"

"தீந்துது."

"வேற எதுனா இருந்தாலும் எழுதிக் கொடுங்க, ஒரே நடையா முடிஞ்சிடும்."

பேப்பர் வாங்கினேன். என் பேர் எழுதினேன். ஊர் எழுதினேன். குறை: வூட்டுக்கு யாரும் வரதில்ல. யார் மேலங்கிற இடத்துல பேனா நின்னுடுச்சு. வேலு மேல இருந்ததை இப்பதான் எடுத்தேன். யோசிச்சு யோசிச்சு ஒரே பேர்தான் வந்துச்சு. செத்துப்போனவர் மேல பிராது வாங்குவீங்களான்னு கேட்டேன்.

கவுண்டர்காரர் பேப்பரை மெதுவா வாங்கி மடிச்சு என் கையில கொடுத்தார்.

"வூட்டுக்குப் போங்கம்மா. பஸ்ஸு போயிடும்."