இயக்குநரின் இரத்தம்

மேய்ச்சல்வெளி, சோங்கோல்
ஜூன் 6

அன்புள்ள சல்தனத் அக்காவுக்கு,

பெர்மெட் எழுதுகிறேன். இங்கே சிக்னல் பிடிக்க வேண்டுமென்றால் குதிரைமேல் இன்னொரு குதிரையை நிறுத்தி ஏற வேண்டும். அதனால் பால் வண்டிக்காரர் கையில் கடிதம்.

அம்மாவுக்குக் காய்ச்சல் நான்காவது வாரம். டாக்டர், "என்ன கிருமின்னு உங்க பொண்ணு சொல்லட்டும், அப்புறம் மருந்து" என்கிறார். இரத்தம் அனுப்பி எட்டு நாள்! பிஷ்கெக் ஆய்வுக்கூடத்தில் கிருமிக்குத் தாலாட்டா பாடுகிறாய்?

உங்கள் இயக்குநரின் மூஞ்சியேதான் என்று 'இயக்குநர்' எனப் பெயர் வைத்து, ஆய்வுக்கு இரத்தம் எடுக்க அனுப்பினேனே, அந்தக் கெடா சௌக்கியமா?

உன் குட்டிச்சாத்தான்,
பெர்மெட்

பிஷ்கெக்
ஜூன் 9

குட்டிச்சாத்தானே,

தாலாட்டாம்! கடற்பாசியில் எடுக்கும் அகார் கூழைக் காய்ச்சி, ஆட்டு இரத்தம் கலந்து, தட்டில் ஊற்றி உறைய வைத்தால்தான் கிருமி தின்று வளரும். அம்மாவின் இரத்தம் தடவிய ஆறு தட்டும் கழுவிவைத்த மாதிரி இருக்கின்றன. சந்தேகப்பட்டு, எங்களிடம் உயிரோடிருக்கும் கிருமியைத் தடவினேன். அதுவும் முளைக்கவில்லை.

"கூழு காய்ச்சத் தெரியாதவளுக்கு வெள்ளைக் கோட்டு எதுக்கும்மா?" என்று இயக்குநர் (மனுஷர்) எல்லார் முன்னாலும் கேட்டார். மூன்று முறை புதிதாய்க் காய்ச்சிவிட்டேன். மாறாதது ஒன்றுதான்: கெடா வந்த மறுநாள் எடுத்த இரத்தம். அதற்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? அப்பாவிடம் கேட்டு எழுது.

சல்தனத்

சோங்கோல்
ஜூன் 12

அக்கா,

அப்பாவிடம் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

லாரியில் ஏற்றும் அன்று காலை இயக்குநர் இருமினான். "ஆய்வுக்கூடம் வேண்டாம்னா கல்யாணக் கொப்பரைக்குப் போகட்டும்" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஆட்டு மருந்துப் பெட்டியிலிருந்து ஊசி போட்டேன். பல நாள் இரத்தத்தில் நின்று கிருமியைக் கொல்லும் அந்த மஞ்சள் மருந்து. நீ அனுப்பிய தாளில், 'மருந்து கொடுத்ததா?' என்ற இடத்தில் 'புல், தண்ணீர், முத்தம்' என்று எழுதினேன். உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நாள் முழுக்கச் சிரித்தேன்.

நேற்று அம்மா வாளியைத் தூக்க முடியாமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்லடி" என்றாள்.

வேறு ஆடு பார், அக்கா. சீக்கிரம்.

பெர்மெட்

பிஷ்கெக்
ஜூன் 20

பெர்மெட்,

வேறு ஆட்டு இரத்தத்தில் புதுத் தட்டு ஊற்றினேன். நல்லவேளை, அம்மாவின் இரத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஐந்தாம் நாள், பனித்துளி போலப் பொடிப்பொடியாய் முளைத்திருக்கிறது. காய்ச்சாத பாலில் வரும் கிருமி. டாக்டருக்குச் சொல்லியாயிற்று. அவர் எழுதிய மாத்திரை இதே வண்டியில் வருகிறது. ஆறு வாரம், ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. நீதான் பொறுப்பு. பாலைப் பொங்கவிட்டுத்தான் யாரும் குடிக்க வேண்டும்.

"யாரு பண்ணின வேலை?" என்றார் இயக்குநர். "எங்க வீட்டு ஆட்டு டாக்டர்" என்றேன். பெயர் சொல்லவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே. உன் சிரிப்புக்காக அம்மா அத்தனை நாள் மருந்தில்லாமல் கிடந்தாள். இனி எந்த ஆட்டுக்கு எந்த ஊசி, எந்தத் தேதி என்று நோட்டுப் போட்டு எழுது. அந்த நோட்டைக் காட்டிய பிறகுதான் உன்னோடு பேச்சு.

சல்தனத்

பி.கு. கெடா இப்போது இருமுவதில்லை. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் இல்லை. அதை மட்டும் ஒழுங்காய்ப் போட்டிருக்கிறாய், கழுதை.