மஞ்சள் பூசிய பாறை

என்னங்க, படப்பைப் புது வீட்டுக்கு, சின்ன வயதிலிருந்து நீங்கள் உட்காரும் உங்கள் பாறை இன்னும் போகவில்லை. எந்தப் பாறை என்று கிரேன்காரருக்கு அடையாளம் தெரியட்டும் என்றுதான் காலையில் அதில் மஞ்சள் பூசினேன். அவர் வருவதற்குள் பக்கத்து வீட்டு முனியம்மாள் அக்கா பூ வைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டார். கிரேன்காரர் செருப்பைக் கழற்றினார். “இன்னாம்மா, சாமிக்குப் போய் செயின் மாட்டச் சொல்றே? நம்மால ஆவாது” என்று போயேவிட்டார்.

வெறும் கல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணை மூடி நமக்காக வேண்டிக்கொண்டிருந்தார். நாளை இந்த வீட்டை, இடத்தை வாங்கிய கம்பெனிக்கு ஒப்படைக்க வேண்டும். பாறையை என்ன செய்வதென்று புரியவில்லை. ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். குழம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

அதை விட்டுவிட்டு வரச்சொல்லி நேற்று நான் உங்களோடு சண்டை போட்டது தப்பு.

இன்னொன்று: யாரும் இல்லாதபோது நானும் கும்பிட்டேன். எங்களோடு வந்துவிடு என்று அதனிடமே கேட்டேன்.

செல்வி