சீப்பின் ஏழாவது பல்

குருநகர்,
18.09.2025

அன்புள்ள தம்பி எமில்ராஜுக்கு,

கிறிஸ்துநாயகம் அண்ணை எழுதுவது. நாங்கள் நலம், அங்கே உமது நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். முதற்பாதி பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். அதை இன்னொரு பொய்யோடு தொடங்கக் கூடாது.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர். மூன்று கிழமையாக நீர் இங்கிருந்து வரும் எந்த அழைப்பையும் எடுப்பதில்லை, குரல் பதிவு அனுப்பினாலும் திறப்பதில்லை. உம்மில் பிழை சொல்லவில்லை. உம்முடைய தம்பி வின்சன்ற் உமக்குச் சொன்ன சொல்லைக் கேட்டவன் வேறு என்ன செய்வான். என் மனுசி றெஜினாவின் ஒன்றுவிட்ட தங்கை வருகிற செவ்வாய்க்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறாள். உமது வாசலுக்கே வந்து கையில் தருவதாகச் சொன்னாள். தனியே இருந்து வாசியும்.

முதலில் அம்மாவின் செய்தி. மரியநாயகி மாமி பெரிய வெள்ளிக்குப் பிறகு எழும்பவில்லை என்பது உமக்குத் தெரியும். வின்சன்ற் வீட்டு முன்னறையில்தான் இன்னும் கட்டில் கிடக்கிறது. கஞ்சித்தண்ணீர் கரண்டியால் பருக்குகிறோம், பாதி கடைவாயால் வழிந்துவிடும். போன கிழமையிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால் கண் அந்தப் பக்கம் போகும். கடைசியாக விளங்கக் கதைத்தது, "பெரியவன் எடுத்தவனோ?" என்று. வின்சன்ற் எழும்பி வெளியே போய்விட்டான். தர்சிகாதான், பாவம், லைன் சரியில்லை மாமி என்று சமாளித்தாள். புருசனுக்கும் மாமிக்கும் நடுவில் அவள் படும் பாடு பெரிய பாடு.

நீர் அழைத்தபோதெல்லாம் அவன் தொலைபேசியை அம்மாவின் காதில் வைக்காமல் துண்டித்ததற்குக் காரணம் நான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

ஆனி மாதம் நடந்ததை உமக்கு இப்படிச் சொன்னார்கள்: பட்டறையில் நீர் அனுப்பிய மரம் குடையும் இயந்திரத்தில், அந்த றவுட்டரில், வேலை செய்யும்போது அலகு தானாக வெடித்தது, அதன் துண்டு வின்சன்றின் வலக்கண்ணில் ஏறியது, பெரியாஸ்பத்திரியில் எவ்வளவோ பாடுபட்டும் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அலகு தேய்ந்த பழசு, அங்கே எறிய வைத்ததை அண்ணன் இங்கே அனுப்பிவிட்டான் என்று தம்பி சொன்னான். நீர் பதைத்துப்போய் என்னிடம் கேட்டீர், "அண்ணை, உண்மையா அது தேய்ஞ்சே இருந்தது?" நான், "இருக்கலாம்" என்றேன்.

இருக்கவில்லை. அலகு நல்ல அலகு. பிழைத்தது என்னுடைய கை.

நடந்ததைப் படிப்படியாக எழுதுகிறேன். உமக்குத் தெரிந்த வேலைதான். ஆனாலும் எழுதினால்தான் எந்த இடத்தில் பிழைத்தேன் என்று உமக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும்.

உரும்பிராய் இராசநாயகத்தார் மகள் சாருஜாவின் கலியாணத்துக்குத் தேக்கில் அலுமாரி கேட்டிருந்தார். இழுத்துத் திறக்கிற ஒன்பது லாச்சி. ஆணி அடிக்காத லாச்சி வேண்டும் என்றார். உம்முடைய சாமான் வந்த பிறகு எங்களுக்கும் அந்தத் திமிர் வந்திருந்தது. அதோடு வந்த பிரெஞ்சு விளக்கப் புத்தகத்தை வின்சன்ற் தலைகீழாகப் பிடித்து வாசித்துக் காட்டுவான், பட்டறைக்கு வருகிறவனெல்லாம் சிரிப்பான். "என்ரை அண்ணை அனுப்பினது" என்று தெருவெல்லாம் சொன்னவனும் அவன்தான். அதையும் நீர் அறிய வேண்டும்.

லாச்சியின் பக்கப் பலகையை, பலகை அசையாமல் பிடிக்கும் அந்த ஜிக்கில் நிமிர்த்திப் பூட்டி, முகப்புப் பலகையை அதன் தலையில் படுக்கவைத்து இறுக்கினேன். மேலே சீப்பைப் போலப் பல் வெட்டிய அந்தச் சீப்புத் தகடு. றவுட்டரின் அடி வளையம் சீப்பின் பற்களை ஒட்டி உள்ளே போய் வெளியே வர, அலகு இரண்டு பலகையையும் ஒரே தடவையில் வெட்டும். கீழே அகன்று மேலே ஒடுங்கிய அலகு. அந்த வடிவத்தால்தான் இரண்டு பலகையையும் கோக்கும் புறாவால் மூட்டு எவ்வளவு இழுத்தாலும் கழலாது. அதே வடிவத்தால்தான் சுழலுகிற அலகை நேரே மேலே தூக்கக் கூடாது. தன் பக்கம் இழுத்து வெளியே எடுத்து, விசையை நிறுத்தி, அலகு ஓய்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். வீடியோவில் நீர் இதை மூன்று தரம் சொன்னீர். நான் சிவப்பு மையால் "தூக்காதே, இழு" என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்தக் கடதாசி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

பகல் பதினொரு மணி இருக்கும். ஏழாவது பல்லில் நின்றேன். வின்சன்ற் எனக்கு எதிரே நின்று, தூசி உறிஞ்சும் இயந்திரக் குழாயால் மரத்தூளை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் நீர் அனுப்பிய காப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். அப்போது கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது.

எங்கள் தெரு வழக்கம் உமக்கு மறந்திருக்காது. துக்கமணி கேட்டால் என்ன வேலை என்றாலும் நிற்கும். வலை பொத்துகிறவன் ஊசியை விடுவான். மீன் வெட்டுகிறவள் செதிள் ஒட்டிய கையோடேயே நெற்றியில் சிலுவை போடுவாள். செத்தது யார் என்று பிறகுதான் கேட்பார்கள், முதலில் நித்திய இளைப்பாற்றி செபம் சொல்வார்கள். பத்து வயதிலிருந்து என் கை அந்த மணிக்குப் பழகிய கை. மரம் அரியும் வாள் பிடித்திருந்தாலும் உளி பிடித்திருந்தாலும் மணி கேட்டால் கை நிற்கும், கை நின்றால் ஆயுதமும் நின்றுவிடும். இந்த இயந்திரம் கை நின்றாலும் நிற்காது என்பது என் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் மாமிக்குப் பங்குச் சுவாமி வந்து, கடைசி நேரத்து எண்ணெயாகிய அவஸ்தை பூசிவிட்டுப் போயிருந்தார். மணி கேட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான். வின்சன்ற் செபத்துக்குத் தொப்பி கழற்றுகிறவனைப் போலக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அம்மாவோ என்று கேட்கிறவனைப் போல என்னைப் பார்த்தான். என் வலக்கை பிடியை விட்டு நெற்றிக்குப் போய்விட்டது. இடக்கை மட்டும் பிடித்திருந்த இயந்திரம் சரிந்து மேலே கிளம்பியது. அலகு ஏழாவது பல்லைக் கடித்து உடைந்தது. நெற்றியில் வைத்த கை நெஞ்சுக்கு வரவில்லை, தம்பி. அதற்குள் முடிந்துவிட்டது.

மணி மாமிக்கு அடிக்கவுமில்லை. கோயிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு மனுசன், கொழும்பில் மகளிடம் போயிருந்த இடத்தில் செத்தவர். அவர் முகம்கூட எங்களுக்குத் தெரியாது.

ஓட்டோவில் போகும்போது வின்சன்றின் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அலகு வெடித்தது என்றேன். வெடித்தது உண்மைதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் தர்சிகா கேட்டாள், அதையே சொன்னேன். பிறகு நீர் கேட்டீர். ஒவ்வொரு தரமும் அது சொல்லச் சொல்ல இலேசாகிப் போனது. அந்த இலேசை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் அருவருப்பு.

அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று உமக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறான். படியில் கால் வைக்க முன் ஒரு தரம் தடவிப் பார்க்கிறான். ஆணியில் சுத்தியல் விழுவதில்லை, பக்கத்தில் விழுகிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, காலம் போகப் பழகும் என்று டாக்குத்தர் சொன்னார். கோட்டுக்கு வாள் பிடிக்க அவனால் இன்னும் முடியவில்லை. அவன் பிசகாமல் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஜிக். சீப்பு கையைப் பிடித்துக்கொண்டு போவதால் கண் பாதி இருந்தாலும் போதும். கண்ணைக் கொண்டுபோன சாமானிலேயே நின்று வேலை செய்கிறான். எதிரில் நின்று நான் அதைப் பார்க்கிறேன். உடைந்த ஏழாவது பல்லை அரத்தால் ராவிச் சரிப்படுத்திப் பார்த்தேன், வளையம் அதில் தட்டுகிறது. அந்த ஒரு வாலை மட்டும் ஒவ்வொரு லாச்சியிலும் நான் உளியால் வெட்டுகிறேன். சாருஜாவின் அலுமாரி அப்படித்தான் முடிந்து போனது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சுவாமியிடம் சொன்னேன். வந்து றெஜினாவுக்கும் சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே, "நீங்கள் போகவேண்டிய வீடு அதில்லை, நாலு வீடு தள்ளி இருக்குது" என்றாள். அவள் என்னோடு இருபத்தெட்டு வருசம் குடித்தனம் நடத்தியவள்.

போன வெள்ளிக்கிழமை வின்சன்றிடம் சொன்னேன். பட்டறையில்தான். கையெடுத்துக் கும்பிடத்தான் நினைத்துப் போனேன், அதுகூட முடியவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு சொன்னான்: "தெரியும் அண்ணை. நீங்கள் நெத்தியிலை கை வைச்சதுதான் அந்தக் கண் கடைசியாக் கண்டது."

அப்படியென்றால் உம்மை ஏன் பகைத்தான் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை: "உங்களோடை கோவிச்சா நாளைக்கு ஆருக்கு முன்னாலை நிண்டு வேலை செய்யிறது? எனக்கு வேறை ஆர் வேலை தருவினம்? அவன் தூரத்திலை இருக்கிறான். தூரத்திலை இருக்கிறவனோடை கோவிக்கிறது லேசு."

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அதற்குப் பிறகு அவன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நேற்றுக் காலை வந்தான். ஜிக்கடியில் நின்று உடைந்த பல்லை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பாமல், "உந்தச் சீப்புத் தகடு மட்டும் தனியாப் புதுசா வாங்கலாமோ எண்டு கேளுங்கோ" என்றான். யாரிடம் கேட்பது என்று சொல்லவில்லை. அப்படிக் கேட்க இந்த உலகத்தில் எங்களுக்கு ஒருவர்தான் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மாவின் காதில் தொலைபேசியை வைக்கட்டோ என்றும் அவனைக் கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். இன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு மாமியின் கட்டிலடியில் நான் இருப்பேன். என்னுடைய இலக்கத்துக்கு அழைப்பு எடும். மறுமொழி வராது, தம்பி, அதற்காக வைத்துவிடாதேயும். கதையும். சின்னதில் அவவுக்குச் சொன்ன பொய்களையாவது சொல்லும். கேட்டுக்கொண்டிருப்பா. என்மேல் உமக்கு இருக்கிற கோபத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டு எடும், அது எங்கேயும் போகாது, நானும் எங்கேயும் போக மாட்டேன்.

நீர் அழைக்க முன்னமே, மாமியின் செய்தி சொல்ல நான் அழைக்க வேண்டி வந்தாலும் வரும். நீரும் நாள் முழுக்க இந்த இயந்திரங்களோடு நிற்கிறவர். ஒன்றுதான் கேட்கிறேன். என்னுடைய இலக்கத்தைக் கண்டால் உடனே எடுக்காதேயும். விசையை நிறுத்தும். அலகு ஓயும் வரை நில்லும். கையில் இருப்பதைக் கீழே வையும். அதற்குப் பிறகு நெற்றியில் கை வையும்.

ஆண்டவர் உமது இரண்டு கண்ணையும் இரண்டு கையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உம்மிடம் மன்னிப்பு இன்னும் கேட்காத,
அ. கிறிஸ்துநாயகம்