கூடில்லாக் கோழிகள்

மானிப்பாய்
03.06.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மைத்துனர் கிறிஸ்ரிக்கு,

ஆண்டவர் அருளால் நானும் உம்முடைய அக்கா லூர்த்தம்மாவும் சுகம். நீரும் உமது மனைவி பெர்னடெட்டும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

உமது மகள் நிரோஜாவின் திருமண அழைப்பிதழில் 24.08.2023 வெள்ளிக்கிழமை என்று அச்சாகியிருந்ததை, அது வியாழக்கிழமை என விருந்தினர் முன்னிலையில் நான் திருத்தினேன். அன்று தொடக்கம் நாமிருவரும் கதைப்பதில்லை. கதைப்பதில்லை என்பதே ஏற்பாடு. எழுதுவதில்லை என்று எவரும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நேற்று, திங்கட்கிழமை, சந்திக் கடையில் உமது பண்ணையின் முட்டைப் பெட்டியைக் கண்டேன். "கூடில்லாக் கோழிகளின் மகிழ்ச்சியான முட்டைகள். வெளியில் திரியும் கோழிகள்" என்று பச்சை எழுத்தில் இருந்தது. வாசித்த பதற்றத்தில் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்!

முட்டை மகிழுமா என்ற கேள்வியை ஒத்திவைக்கிறேன். கூடில்லாக் கோழி என்றால் என்ன? உமது உரும்பிராயில் பொழுதுபட்ட பின் கோழியைக் கூட்டில் அடைக்காதவன் விடியும்போது இறகைத்தான் பொறுக்குவான். கீரி ஒருபுறம், மரநாய் மறுபுறம். ஒன்றில் நீர் கோழிகளைக் கைவிட்டிருக்கிறீர். அல்லது வாங்குவோருக்குப் பொய் சொல்கிறீர். எதுவென்று எழுதும். பெட்டியில் கபிரியேல் பண்ணை என்று உமது தகப்பனாரின் பெயர் இருக்கிறது. அவர் என் மாமனார் என்பதை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்
வ. சிமியோன்


உரும்பிராய்
07.06.2025, சனி (நாட்காட்டியைப் பார்த்துத்தான் எழுதினேன்)

அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் பெர்னடெட் குசினி அடுப்படியிலிருந்து பயந்து ஓடிவந்தாள்.

சில பண்ணைகளில் கோழிக்குத் திரும்பக்கூட இடமில்லாமல் கம்பிக்கூட்டுக்குள் அடைத்து முட்டை எடுக்கிறார்கள். அப்படி அடைக்காத கோழியின் முட்டை என்றால் வெளிநாட்டில் அதைப் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார்களாம். அந்த ஆங்கிலத்தைத்தான் நிரோஜா தமிழாக்கினாள். அவளுக்குக் கூடு என்றால் கம்பிக்கூடு, உங்களுக்குக் கோழிக்கூடு. என் கோழிகள் பெரிய கொட்டிலில் தரையில் நடக்கின்றன. இரவில் கொட்டில் பூட்டு. கீரிக்கு ஒன்றுமில்லை.

நம்பாவிட்டால் வந்து பாருங்கள். கதைக்கத் தேவையில்லை, அக்காவைக் கூட்டி வாருங்கள். ஆனால் ஒன்று. 20ஆம் திகதி கொழும்பிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வருகிறார். இந்த லேபலை நம்பித்தான் வருகிறார். அவர் முட்டை எடுத்தால்தான் பண்ணை நிலைக்கும். அதற்குமுன் ஊரெல்லாம் சொல்லிக் கவிழ்த்துவிடாதீர்கள்.

அன்புடன்
கிறிஸ்ரி


மானிப்பாய்
13.06.2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கிறிஸ்ரிக்கு,

நேற்று உமது பண்ணையில் கண்டதை எழுதுகிறேன். கம்பிக்கூடு ஒன்றும் இல்லை. கொட்டில் நல்ல காற்றோட்டம். கோழிகள் மண்ணில் புரண்டு குளிக்கின்றன. கூடு பற்றிய என் குற்றச்சாட்டை மீளப் பெறுகிறேன். ஆயினும் பெட்டியை வாசிப்பவர் என்னைப்போலவே விளங்கிக்கொள்வார். "கம்பிக்கூட்டில் அடைக்காத" என்று திருத்தவும்.

அடுத்தது, "வெளியில் திரியும்". கதவு அகலத் திறந்திருந்தது. காலை முழுவதும் நின்றேன். ஒரு கோழியாவது வெளியில் வரவில்லை. நம்மிருவர் நடுவில் நின்று உம்முடைய அக்கா பட்ட பாட்டையும் இங்கே பதிகிறேன்:

"லூர்த்து, உவரைக் கேள், கோழியள் ஏன் வெளியிலை வரேல்லையெண்டு."

"அக்கா, அத்தானிட்டைச் சொல்லணை, கதவு திறந்துதான் கிடக்கு. விருப்பமெண்டால் வரும்."

"விருப்பமெண்டால் வரும் எண்டு பெட்டியிலை எழுதிக் கிடக்கோ எண்டு கேள்."

"ஐயோ, ரெண்டுபேரும் கோழியோடையே கதையுங்கோ! நான் தேத்தண்ணி குடிக்கப் போறன்."

அவள் போனபின் நாமிருவரும் வாசலைப் பார்த்தபடி நின்றோம் அல்லவா? அப்போதுதான் கண்டேன். ஒரு சிவப்புக் கோழி வாசல்வரை வந்தது. கழுத்தை நீட்டியது. தலையைச் சரித்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. உடனே உள்ளே ஓடிவிட்டது! நானும் மேலே பார்த்தேன். பருந்து! உமது கதவுக்கு வெளியே வேலிவரை வெறும் செம்மண். ஒளிய ஒரு செடி இல்லை. நான் கோழியாக இருந்தாலும் வரமாட்டேன்.

ஆகவே "வெளியில் திரியும்" என்பது இன்றைய திகதியில் உண்மையன்று. ஹோட்டல்காரர் என்னைக் கேட்டால் கண்டதையே சொல்வேன்.

இப்படிக்கு,
வ. சிமியோன்


உரும்பிராய்
15.06.2025, ஞாயிறு

அத்தான்,

கதவு இருந்தால் போதும் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். பனையடியில் கோழி மேய்கிற படம் போட்ட பெட்டிகள் கடையில் இருக்கின்றன. அங்கே பனையுமில்லை, கதவுமில்லை. அவர்களையெல்லாம் விட்டு என்னைப் பிடித்தீர்கள். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான், சம்பந்திகளுக்கு முன்னால் என்னைப் பிடித்தீர்கள். 20ஆம் திகதி தயவுசெய்து இந்தப் பக்கம் வரவேண்டாம்.

கிறிஸ்ரி

பி.கு.: நேற்று நானும் வாசலில் குந்தியிருந்து பார்த்தேன். சிவப்பி மேலே பார்த்தது உண்மைதான்.


உரும்பிராய்
28.06.2025, சனி

அன்பான அத்தானுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. 20ஆம் திகதி வரவும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். நீங்கள் பேசாமல் இருந்ததுதான் என்னைக் குடைந்தது.

ஹோட்டல்காரர் கதவைப் பார்த்து "நல்லது, நல்லது" என்றார். கோழி வெளியில் போகுமா என்று கேட்கவே இல்லை. புறப்படும் நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, உதுகள் வெளியிலை போறேல்லை. கதவு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போகத் தொடங்கினதும் சொல்லுங்க" என்று வாகனத்தில் ஏறிவிட்டார். பெர்னடெட் அன்று எனக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை.

அடுத்த நாளே கதவிலிருந்து வேலிவரை தென்னோலைக் கிடுகால் பந்தல் போட்டேன். கரையில் வாழைக்குட்டிகள் நட்டேன். பல நாளாக ஒன்றுமில்லை. நேற்றுக் காலை, அத்தான், நேற்றுக் காலை! சிவப்பி வாசலுக்கு வந்தாள். மேலே பார்த்தாள், கிடுகு. ஒரு கால் வைத்தாள். திரும்பவும் பார்த்தாள். மற்றக் கால். பிறகு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி எல்லாம் வெளியில்! மண்ணைக் கிளறின கிளறலில் என் வாழைக்குட்டி இரண்டு சரிந்துவிட்டது. நான் கைதட்டினேன். பெர்னடெட்டும் தட்டினாள்!

பழைய பெட்டிகளை எடுத்துவிட்டேன். புதிய லேபலுக்கு வசனம் நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். திகதியையும் நீங்களே போடுங்கள்.

அன்புடன்
கிறிஸ்ரி


மானிப்பாய்
01.07.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கிறிஸ்ரிக்கு,

உமது கடிதத்தை வாசல் படலையில் நின்றபடியே வாசித்தேன். பின்னர் உம்முடைய அக்காவுக்குச் சத்தமாக மறுபடி வாசித்தேன். வாழைக்குட்டி சரிந்த இடத்தில் இருவரும் கைதட்டினோம்!

வசனம் இதோ: "கம்பிக்கூட்டில் அடைக்காத கோழிகள். 27.06.2025 வெள்ளிக்கிழமை தொடக்கம் வெளியில் திரிகின்றன. இரவில் கூட்டில் உறங்கும்." அன்று வெள்ளிக்கிழமையேதான், இம்முறை உமது பெட்டியில் கிழமை பிழையாகாது. "மகிழ்ச்சியான" என்பதை வெட்டிவிட்டேன். முட்டையைப் பற்றி நான் அறியேன். சிவப்பியைப் பற்றி நேரில் பார்த்தபின் தீர்மானிப்போம்.

அதற்காக 03.07.2025 வியாழக்கிழமை வருகிறேன். அக்கா வரமாட்டாளாம். "நடுவிலை நிண்டு சொல்ல என்னாலை இனி ஏலாது" என்கிறாள். எனவே இக்கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். பந்தலடியில் நின்று "வாங்கோ அத்தான்" என்று சொன்னால் எனக்குக் கேட்கும்.

உம்முடைய அத்தான்
சிமியோன்