கேரவனை இழுக்க ஒரு வண்டி

கோவிட் அடைப்பு முடிந்த நாலாவது வருஷம். தைப்பூசம் கழிந்த செவ்வாய்க்கிழமை.

லாரி ஓட்டிய நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, அடைப்பு முடிந்ததும் ஊர் சுற்ற வாங்கிய, படுத்துத் தூங்க வசதியுள்ள கேரவன், பினாங்குப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் ஆறுமுகம் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை இழுக்கும் வண்டிக்கு நான் சரி சொன்னால்தான் வாங்குவது என்று பேச்சு. எனக்குப் படிப்பு குறைவு. எவ்வளவு எடை இழுக்கும் என்று வண்டியோடு வரும் தாளை நம்பமாட்டேன். கேரவனை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் வண்டியின் பின்பக்க உயரத்தைக் கையால் அளப்பேன். நாலு விரலுக்கு மேல் இறங்கினால் மலையில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. அப்படி எத்தனையோ வண்டிகளைத் திருப்பி அனுப்பினேன். இடையில் எங்கள் நால்வரில் கணபதி இறந்துபோனான். போன மழைக்காலத்தில் சின்னையாவும் போனான்.

இன்று ஜுருவிலிருந்து வந்த பிக்கப் இரண்டு விரல்தான் இறங்கியது. பிரேக்கும் நன்றாகப் பிடித்தது. சரி என்றேன்.

ஆறுமுகம் சிரித்தான். "பொண்ணு பார்க்கப் போனவன்கூட இவ்ளோ குறை சொல்ல மாட்டாண்ணே."

ஏறிப் பார் என்றேன். ஆறுமுகத்தின் கால் வண்டிப் படிக்கு எழும்பவில்லை. விற்க வந்தவரும் நானும் பிடித்துத் தூக்கினோம். முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணே. நான் வீட்டுலயே இருக்கேன்லா."

முதல் வருஷம் முதலில் வந்த வண்டி ஐந்து விரல் இறங்கியது. மலை ஏறாமல், கடலோரமாக மெதுவாகப் போயிருக்கலாம். அப்போது நான்கு பேருக்கும் காலில் பலம் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன்.

பிக்கப்பையும் திருப்பி அனுப்பிவிட்டேன். தனியாக எங்கே போவது? என்னோடு மிச்சம் இருப்பது ஆறுமுகம் ஒருவன்தான்.